அடிவயிற்று ஆபரேஷனுக்குப் பிறகும் தீராத தொல்லை: யாரிடம் போவது?

என் சித்திக்கு 46 வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். தண்டையார்பேட்டையில் வீடு, காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கும் தொழில். கர்ப்பப்பையில் கட்டி, மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு, ரத்தம் ஏற்றுகிற அளவுக்குச் சோகை. அந்த ஆபரேஷன் அவருக்குத் தேவைப்பட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். ஆறு வாரத்தில் எல்லாம் சரியாகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆறு மாதம் ஆகியும் தழும்பின் வலது முனையில் சுரீரென்று ஒரு வலி நிற்கவில்லை. கூடவே முக்கால் மணிக்கு ஒரு தடவை சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது. ஏலம் நடக்கும் நேரத்தில் கழிவறை தேடி ஓட முடியாது என்பதால் காலையில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்.

அப்புறம் இரண்டு வருஷம் அலைந்தோம். ஆபரேஷன் செய்த இடத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து எல்லாம் நார்மல் என்றார்கள். ஒரு கிளினிக்கில் சிறுநீர்த் தொற்று என்று ஐந்து முறை ஆன்டிபயாடிக் எழுதினார்கள். கிருமி உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கும் யூரின் கல்ச்சர் ஒரு முறைகூட எடுக்கவில்லை. ஒருவர் வாயு என்றார், இன்னொருவர் முதுகெலும்புத் தேய்மானம் என்றார். சொந்தக்காரர்கள் உடம்பு சூடு என்று வெந்தயமும் இளநீரும் கொடுத்தார்கள். கடைசியாக ஓரிடத்தில் "மனசைத் தைரியமா வெச்சுக்கோங்கம்மா" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை நாள் அழாதவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதார்.

இப்போது யோசித்தால் நாங்கள் எங்கே தவறினோம் என்பது தெரிகிறது. "நல்ல டாக்டர் யார்?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டோம். அடிவயிற்றில் எது தொல்லை தருகிறது என்று கண்டுபிடிக்க முயலவே இல்லை. அது ஓரளவு பிடிபட்டால் போக வேண்டிய துறை தானாகவே தெரியும். பிடிபடாத வரை எவ்வளவு பெரிய டாக்டரிடம் போனாலும் அவர் தன் துறையைப் பார்த்துவிட்டு "என் பக்கம் ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக்குடித்தன வீடுகளில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நாலு குடித்தனம், நாலு கதவு. முற்றமும் சாக்கடையும் மட்டும் பொது. சாக்கடை அடைத்துக்கொண்டால் நாலு வீட்டுக்காரர்களும் "எங்க வீட்டுக்குள்ள ஒண்ணும் இல்லை" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மையும்கூட. இடுப்புக்குழியும் இப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. முன்னால் சிறுநீர்ப்பை, அதற்கு யூராலஜி. நடுவில் கர்ப்பப்பையும் சினைப்பையும், அவற்றுக்குக் கைனகாலஜி. பின்னால் மலக்குடல், அதற்குக் குடல் அறுவை சிகிச்சைத் துறை. இவற்றையெல்லாம் கீழே இருந்து தூளி போலத் தாங்குகிற தசைகளும், அவற்றுக்குள் ஓடும் நரம்புகளும், மேலே மூடியிருக்கும் வயிற்றுச் சுவரும் பொது முற்றம். அதற்கென்று ஒரே சொந்தக்காரர் கிடையாது. சாதாரண அல்ட்ராசவுண்டில் பை தெரியும், கட்டி தெரியும், நீர் கோத்திருந்தால் தெரியும். இறுகிப்போன தசையும் தழும்பில் சிக்கிய மெல்லிய நரம்பும் அதில் தெரிவதில்லை. ஸ்கேன் நார்மல் என்றால் ஸ்கேனில் தெரியக்கூடிய உறுப்புகள் நார்மல் என்று பொருள், அவ்வளவுதான். வலி பொய் என்று பொருள் இல்லை.

சிலவற்றுக்கு இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் நேரம் இல்லை. காய்ச்சலோடு அடிவயிற்று வலி, சிறுநீர் அடியோடு நின்றுபோவது, வயிறு உப்பிக் காற்றுகூடப் பிரியாமல் வாந்தி வருவது, விலாப்பக்கம் கடுமையான வலி, நாற்றமடிக்கும் கசிவு, திடீர் ரத்தப்போக்கு என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உட்காரும் இடம் மரத்துப்போய், அதோடு சிறுநீரும் வராமல் போனால் முதுகுத்தண்டின் அடி நரம்புகள் நசுங்கியிருக்கலாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

மற்றவற்றுக்குக் காலக்கணக்கு முக்கியம். முதல் சில வாரங்களில் வரும் எந்தத் தொல்லைக்கும் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே திரும்பப் போவதுதான் சரி. உள்ளே என்ன செய்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். மூன்று மாதம் தாண்டியும் வலி நீடித்தால் கதை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11, 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு அதில் தனிப் பெயரும் தனி எண்ணும் உண்டு. அதாவது அது "இன்னும் ஆறவில்லை" என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை. தனியாகப் பார்க்க வேண்டிய நோய்.

புது டாக்டரைத் தேடுவதற்கு முன்னால் கையில் காகிதம் வேண்டும். நம்மில் பெரும்பாலோரிடம் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் இருக்கும். அதில் ஆபரேஷனின் பெயரும் மாத்திரைப் பட்டியலும் இருக்கும். டாக்டருக்கு உண்மையில் உதவுவது ஆபரேஷன் குறிப்பு: எந்தப் பக்கம் வெட்டினார்கள், சினைப்பையை விட்டார்களா எடுத்தார்களா, சிறுநீர்ப்பை ஒட்டிக்கொண்டிருந்ததா, தாங்கலாகச் செயற்கை வலை (மெஷ்) வைத்தார்களா, ரத்தம் எவ்வளவு போயிற்று என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருப்பார்கள். கூடவே எடுத்த உறுப்பின் பயாப்சி ரிப்போர்ட். இவற்றைக் கேட்பது நம் உரிமை. 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாயால் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். மூன்று வருஷம் முடிவதற்குள் கேளுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நாங்கள் கேட்கும்போது இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகியிருந்தது.

சரி, இப்போது தொல்லையைப் பிரித்துப் பார்ப்போம்.

சிறுநீர்த் தொல்லையில் மூன்று வகையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் கசிவது ஒன்று. இது தாங்குதசையின் பலவீனம். யூரோகைனகாலஜி (பெண்களின் சிறுநீர், இடுப்புத்தளத் தொல்லைகளைப் பார்க்கும் பிரிவு) தெரிந்த பெண்கள் மருத்துவரோ யூராலஜிஸ்ட்டோ பார்க்கலாம். வந்தால் அடக்க முடியாமல் ஓடுவது இரண்டாவது, பெரும்பாலும் யூராலஜி. மூன்றாவதுதான் பலர் கவனிக்காமல் விடுவது: படுத்திருந்தாலும் உட்கார்ந்திருந்தாலும் சொட்டுச் சொட்டாக, இரவு பகலாக யோனி வழியே நனைந்துகொண்டே இருப்பது. கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பின் ஓரிரு வாரத்தில் இப்படித் தொடங்கினால் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே ஓட்டை விழுந்திருக்கலாம், அல்லது சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயில் காயம் இருக்கலாம். சிறுநீர்ப்பைக்குள் நீலச்சாயம் செலுத்திப் பார்க்கும் எளிய சோதனையும், சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனும் இதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். அறுவை சிகிச்சையில் சரிசெய்யக்கூடிய பிரச்சினை இது. "வயசானா அப்படித்தான்" என்று பேட் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் இருப்பவர்களைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது.

எந்த வகையானாலும் போவதற்கு முன் மூன்று நாள் கணக்கு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு போயிற்று. அளவு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை போதும். பகலில் ஏழெட்டு முறை வரை இயல்பு. ஒவ்வொரு முறையும் ஐம்பது மில்லிதான் வருகிறதென்றால் அது ஒரு செய்தி. முந்நூறு வருகிறதென்றால் வேறு செய்தி. டாக்டர் பத்து நிமிஷம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை இந்த ஒரு தாள் சொல்லிவிடும்.

வலிக்கு வருவோம். இங்கேதான் சித்தியின் கதை திரும்பியது. அலைச்சலின் முடிவில் வயதான ஒரு சர்ஜன் அவரைப் படுக்கவைத்து, "எங்க வலிக்குது, ஒரே ஒரு விரலை வெச்சுக் காட்டும்மா" என்றார். சித்தி தழும்பின் வலது முனையில் ஆள்காட்டி விரலை வைத்தார். டாக்டர் அந்த இடத்தை லேசாக அழுத்திக்கொண்டே "தலையை மட்டும் தூக்கு" என்றார். தலையைத் தூக்கியதும் வலி அதிகமானது. கார்னெட் என்ற மருத்துவர் 1926இல் சொன்ன சோதனை இது. தலையைத் தூக்கும்போது வயிற்றுத் தசை இறுகி உள்ளுறுப்புகளுக்குக் கவசம்போல் ஆகிவிடுகிறது. வலி உள்ளுறுப்பில் என்றால் குறைய வேண்டும். கூடினால் அது வயிற்றுச் சுவரிலேயே இருக்கிறது என்று கொள்ளலாம். அரை நிமிஷச் சோதனை, செலவு கிடையாது. அடிவயிற்றில் குறுக்கே வெட்டும்போது தழும்பின் இரு முனைகளுக்கு அருகே ஓடும் நரம்புகள் அடிபடவோ தையலில் சிக்கவோ கூடும். அந்தப் புள்ளியில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டதும் சில நிமிஷத்தில் வலி அடங்கியது. அந்த ஊசி வெறும் சிகிச்சை இல்லை, அதுவே விடையும்கூட. சித்தி எழுந்து உட்கார்ந்து, "இத்தப் பாக்கவா ரெண்டு வருஷம் அலைஞ்சோம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இப்படி ஒரே விரலில் காட்ட முடிகிற வலிக்குப் போக வேண்டியது சர்ஜனிடமும் வலி சிகிச்சை மருத்துவரிடமும். வலி சிகிச்சைப் பிரிவைப் பெரிய மருத்துவமனைகளில் மயக்க மருந்துத் துறையினர் நடத்துவது வழக்கம், "பெயின் கிளினிக் என்றைக்கு?" என்று கேளுங்கள். குடலிறக்கத்துக்கு வலை வைத்த ஆண்களுக்குத் தொடையிடுக்கில் நீடிக்கும் வலியும் பல நேரம் இதே இனம்தான்.

உட்கார்ந்தால் கூடுகிற வலி வேறு. நின்றால், படுத்தால் குறையும். கழிவறை இருக்கையில் உட்கார்ந்தால் மட்டும் அவ்வளவாக இருக்காது. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பாது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் இடுப்புக்குழியின் அடியில் ஓடும் புடெண்டல் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். இதைக் கண்டறியும் அளவுகோலை ஃபிரான்ஸில் நான்ட் நகரத்து மருத்துவர்கள் வகுத்து 2008இல் வெளியிட்டார்கள். எல்லா டாக்டரும் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே "உட்கார்ந்தால் வலிக்கிறது, நின்றால் இல்லை" என்பதை நாமாகவே முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

மாதவிலக்கு நாட்களை ஒட்டி மட்டும் சிசேரியன் தழும்பு வீங்கி வலிக்கிறது என்றால், கர்ப்பப்பையின் உட்சவ்வு தழும்பில் ஒட்டி வளர்ந்திருக்கலாம்; கைனகாலஜிஸ்ட்டிடம் போங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன். அரிதான சிக்கல்தான், ஆனாலும் இவ்வளவு தழும்புகள் இருக்கிற ஊரில் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தாம்பத்தியத்தில் மட்டும் வலி என்றால், சினைப்பையையும் எடுத்திருந்தால் வறட்சி காரணமாக இருக்கலாம், யோனியின் மேல்முனைத் தழும்பு காரணமாக இருக்கலாம், தசை இறுக்கம் காரணமாக இருக்கலாம். மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். அது எவ்வளவு பேருக்கு வழியைத் திறந்துவிட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்த நர்ஸ் அக்கா ஒருவர் சொல்வார்.

ஆண்களில், புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து நன்றாகப் போன சிறுநீர் சில மாதத்தில் மறுபடி நூல்போல வந்தால் சிறுநீர் வெளியேறும் குழாய் சுருங்கியிருக்கலாம். மாத்திரையை மாற்றிப் பார்க்காமல் யூராலஜியில் சிறுநீர் போகும் வேகத்தைச் சோதியுங்கள். மலக்குடல் புற்றுநோய்க்கு வெட்டி இணைத்தவர்கள் நாளைக்குப் பத்து தடவை போக வேண்டியிருப்பதும், அடக்க முடியாமல் இருப்பதும் பேதி இல்லை. அதற்குத் தனிப் பெயரும் சிகிச்சையும் உண்டு. ஆபரேஷன் செய்த குடல் துறையையே கேட்க வேண்டும்.

வயிற்றுக்குள் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன, மறுபடி திறந்து பிரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். 2003இல் நெதர்லாந்தில் 100 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஒட்டுகளைப் பிரித்தவர்களுக்கும் வெறுமனே உள்ளே பார்த்து மூடியவர்களுக்கும் வலி ஒரே அளவில்தான் குறைந்தது. பிரித்த இடத்தில் புதிதாக ஒட்டும் வாய்ப்பும் உண்டு. குடல் அடைப்பு இருந்தால் அது வேறு விஷயம். வெறும் வலிக்காக என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

இப்போது அந்தப் பொது முற்றம். இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி என்றால் எல்லோரும் சொல்வது கெகல். 1948இல் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய, தசையை இறுக்கி இறுக்கி விடுகிற பயிற்சி அது. தளர்ந்துபோன தசைக்கு நல்ல மருந்து. ஆனால் வலியைத் தாங்கித் தாங்கி ஏற்கனவே இறுகிக் கிடக்கிற தசையை மேலும் இறுக்கச் சொன்னால் என்ன ஆகும்? சித்திக்கு அதுதான் ஆனது. வீடியோ பார்த்து நாளைக்கு நூறு தடவை செய்தார், சிறுநீர் அவசரம் இன்னும் கூடியது. பிறகு ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் சோதித்துவிட்டு, கெகலை நிறுத்தச் சொல்லி, மூச்சை அடிவயிறு வரை இறக்கித் தசையைத் தளர விடுகிற பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். தசை தளர்ந்திருக்கிறதா இறுகியிருக்கிறதா என்று கைவைத்துச் சோதிக்காமல் யாரும் பயிற்சி சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிசியோதெரபிஸ்ட்டிடம் போனில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பெல்விக் ஃப்ளோர் உள்சோதனை செய்வீர்களா?" இல்லை என்றால் யார் செய்வார் என்று அவரையே கேளுங்கள்.

வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு, பெண்கள் நோய்ப் பிரிவு இயங்குவது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில். யூராலஜியும் குடல் துறைகளும் பழைய ஜெயில் ரோட்டில், ஸ்டான்லியில். அதாவது ஒரே பெண்ணின் கர்ப்பப்பை ஒரு வளாகத்திலும் சிறுநீர்ப்பை இன்னொரு வளாகத்திலும் பார்க்கப்படுகிறது. இரண்டிலும் திறமையான டாக்டர்கள் இருக்கிறார்கள். நடுவில் செய்தியைக் கொண்டுபோகிறவர் நாம்தான். "யூராலஜிக்குப் போங்க" என்று வாயால் சொன்னால் போதாது, என்ன சந்தேகத்துக்காக அனுப்புகிறார்கள் என்பதை ஓ.பி. சீட்டில் எழுதி வாங்குங்கள். அங்கிருந்து திரும்பும்போது பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

1844இல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் யூரோகைனகாலஜிக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. என்றைக்கு என்று விசாரித்துவிட்டுப் போனால் ஒரு நாள் கூலி மிச்சம். விம்கோ நகர் வரை மெட்ரோ 2021இல் வந்த பிறகு திருவொற்றியூர்க்காரர்களுக்கும் இது எளிது: சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர். சிறுநீர் அவசரம் உள்ளவர்களுக்குப் பஸ்ஸைவிட மெட்ரோ நிம்மதி, ஸ்டேஷனில் கழிவறை உண்டு. நீண்ட நாள் பயிற்சியும் மறுவாழ்வுச் சிகிச்சையும் தேவைப்பட்டால் கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. தூரம்தான்.

மறுபடி ஆபரேஷன் தேவை என்று ஆனால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை உதவும்; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஓ.பி. ஆலோசனைக் கட்டணத்துக்கு அதை நம்ப முடியாது. தனியாரில் போகிறவர்கள் பெயர்ப்பலகையில் எம்.சிஹெச். யூராலஜி போன்ற பட்டத்தைப் பாருங்கள், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவையும் சரிபாருங்கள். "இந்த மாதிரி ஆபரேஷனுக்குப் பிந்தைய வலியோடு மாதம் எத்தனை பேர் உங்களிடம் வருகிறார்கள்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். கோபப்படாமல் பதில் சொல்கிற டாக்டர், தனக்குத் தெரியாததை வேறொருவருக்கு எழுதி அனுப்பவும் தயங்க மாட்டார் என்பது எங்கள் அனுபவம்.

சித்திக்கு வலி முழுக்கப் போகவில்லை. நரம்பு ஊசி மூன்று முறை போட்டார்கள். குளிர்ந்த மழை நாட்களில் அந்த இடம் இன்னும் இழுக்கும். சிறுநீர் இப்போது இரண்டரை மணி நேரம் தாங்குகிறது. விடியற்காலையில் ஏலத்துக்குக் கிளம்பும்முன் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகிறார்.